மஞ்சள் பாதியில் ஒரு சிவப்புப் பொட்டு

மண்ணைக் கடவுள் படைத்தார் என்பார் சிலர். பாறை தேய்ந்து மண்ணானது என்பார் வேறு சிலர். இந்த இரண்டு கட்சிக்காரர்களுக்கும் மண்வளத் துறை அலுவலகத்தில் உட்கார நாற்காலி கிடையாது. அங்கே மண் என்பது விண்ணப்பம் வந்து, பதிவேட்டில் ஏறி, இயக்குநர் பச்சை மையில் கையெழுத்துப் போட்ட பிறகே உண்டாகும் ஒரு பொருள். அதற்கு முன்னால் காலில் ஒட்டுவதெல்லாம் வெறும் அழுக்கு.

அப்பேர்ப்பட்ட துறை விஞ்ஞான யுகத்துக்குள் வலது காலை எடுத்து வைத்த வரலாற்றை, அந்தத் துறையின் ஜீப்பை ஓட்டியவர் எப்படிப் பார்த்தாரோ அப்படியே சொல்வதுதான் நியாயம். அவர் பதினொரு வருஷமாகத் 'தற்காலிக' ஓட்டுநர். அந்தப் பதினொரு வருஷத்தில் மூன்று ஜீப்புகள் வந்து, உழைத்து, தேய்ந்து, கௌரவமாக ஓய்வும் பெற்றுவிட்டன. ஓட்டுநர் மட்டும் இன்னும் தற்காலிகமாகவே இருந்தார். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு இயக்குநரின் மேசையில் ஒரு கண்ணாடிக் குண்டுக்கு அடியில் படுத்திருந்தது. காலையில் சாவி வாங்கப் போகும்போதெல்லாம் அதை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொள்வார். அது அங்கேயேதான் இருக்கும். காற்றில் பறக்காமல் துறை அதைப் பத்திரமாகக் காப்பாற்றி வந்தது.

இப்படி இருக்கையில்தான் கதிர்மானி வந்தது.

ஒரு சின்ன டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். அதை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் கூடவே வந்தார். எல்லா மண்ணும் தன்பாட்டுக்குக் கொஞ்சம் காமாக் கதிரை விட்டுக்கொண்டுதான் இருக்கிறது, பூமி பிறந்த நாளிலிருந்து அப்படித்தான், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று அவர் விளக்கினார். களிமண் விடுவது ஒரு அளவு, மணல் விடுவது ஒரு அளவு, சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், அதிகமுள்ள மண் விடுவது இன்னொரு அளவு. பெட்டியை வண்டியில் வைத்து நிலத்தின் மேல் ஓட்டிக்கொண்டே போனால் அது கதிர்களை எண்ணிக்கொண்டே வரும். எண்ணியதைக் கம்ப்யூட்டரில் போட்டு வண்ணமாக்கினால் எங்கே எப்படிப்பட்ட மண் என்று படம் வந்துவிடும். ஊரெல்லாம் குழி தோண்ட வேண்டியதில்லை.

"ஆனா அங்கங்க கொஞ்சம் மண்ணு எடுத்து, ஆய்வகத்துல சோதிச்சு, படத்தோட ஒத்துப் போகுதான்னு கண்டிப்பா பார்த்துக்கணும்" என்று அவர் முடிக்கும்போது இயக்குநருக்குத் தொலைபேசி வந்துவிட்டது. விஞ்ஞானத்தின் கடைசி வாக்கியம் யார் காதிலும் விழாமல் ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. வந்தவர் இரண்டாவது டீயைக் குடித்துவிட்டுப் பேருந்து பிடித்தார்.

அவர் விட்டுப்போன கையேடு இருநூறு பக்கம். அதை வாங்கிக்கொண்டவர் தலைமை எழுத்தர். ரப்பர் முத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'முத்திரை' என்றே பெயர். முத்திரை அந்தக் கையேட்டின் மேல் 'பாதுகாக்கப்பட வேண்டியது' என்று குத்தி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். படிக்கக் கொடுத்தால் பாதுகாப்பு என்ன ஆவது?

இருபது வருஷமாகக் குடுவையும் வடிதாளுமாக மண்ணைச் சோதித்துக்கொண்டிருந்த ஆய்வகத்து அம்மாவைக் கூப்பிட்டு, இனிமேல் குடுவைகளுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்றார் இயக்குநர். குடுவைகள் என்று சொன்னது மரியாதைக்கு. அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அளவைக்குத் திட்டம் தயாராயிற்று. வட்டாரத்தின் கிழக்கு எல்லையில் ஆரம்பித்து, வடக்கு தெற்காக ஒரு நாளைக்கு ஒரு பட்டையாக, நாற்பது நாளில் மேற்கு எல்லை. எல்லாம் அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்த வயல்கள். புறப்படுவதற்கு முதல் நாள் இயக்குநர் ஓட்டுநரைக் கிடங்குக்கு அழைத்துப் போனார். அங்கே சாம்பல் சத்து உரம் எட்டு மூட்டை தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. விவசாயிகளுக்குக் கொடுக்க வந்த சரக்கு. பதிவேட்டில் அந்த எட்டுக்கும் நேராக 'எலி தின்றது' என்று முத்திரை ஏற்கெனவே எழுதியிருந்தார். எலி இந்த உரத்தைத் தின்றதாக உலகில் அதுவே முதல் பதிவாக இருக்கும். துறையின் முன்னோடிச் சாதனைகளில் அதையும் சேர்க்க வேண்டும்.

"இதை நம்ம தோட்டத்துல இறக்கிடுப்பா" என்றார் இயக்குநர். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய வீட்டில் அவர் ரோஜாத் தோட்டம் போட்டிருந்தார்.

ஓட்டுநர் சாயங்காலமே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன் என்றார். இயக்குநரின் முகம் சுருங்கிவிட்டது. அரசாங்க டீசலில் சொந்த வேலைக்கு ஒரு நடையா? அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அளவைத் திட்டத்தை விரித்து, தன் வீட்டு வாசல் இருபதாம் நாள் பட்டையில் வருவதைக் காட்டினார்.

"அன்னிக்கு வண்டி எப்படியும் அந்த வழியாத்தானே போகும். அன்னிக்கு இறக்கு."

"இருபது நாளும் மூட்டையைச் சுமந்துக்கிட்டேவாங்க ஐயா?"

"இன்னிக்குப் போனா அது சொந்த வேலை. இருபதாம் நாள் போனா அது களப்பணி" என்றார் இயக்குநர்.

நேர்மையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஓட்டுநர் மூட்டைகளை ஏற்றினார். பின்னாலேயே கதிர்மானியும் ஏறியது. கரடுமுரடான வயலில் பெட்டி ஆடக் கூடாது, குழந்தையைப் போலப் போக வேண்டும் என்று இயக்குநர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். ஓட்டுநர் யோசித்தார். நாலு மூட்டையை இந்தப் பக்கமும் நாலு மூட்டையை அந்தப் பக்கமும் முட்டுக் கொடுத்து, நடுவில் பெட்டியைச் செருகினார். பெட்டி அப்படி இப்படி அசையவில்லை. அதைப் பார்த்த இயக்குநர் மனம் நெகிழ்ந்து, ஓட்டுநரின் சமயோசிதத்தைக் கோப்பில் குறித்து வைக்கச் சொன்னார். கண்ணாடிக் குண்டு அன்றைக்கு ஒரு நிமிஷம் தூக்கப்பட்டது. குறிப்பு உள்ளே போனது. குண்டு மறுபடியும் உட்கார்ந்தது.

இருபது நாள் கிழக்குப் பாதியெல்லாம் ஜீப் ஊர்ந்தது. வண்டி எங்கே போனாலும் பெட்டி குஷியாக எண்ணியது. எண்கள் மளமளவென்று ஏறின. இருபதாம் நாள் பட்டை முடிகிற நேரம், ரோஜாத் தோட்டத்து மதில் சுவரோரமாக எட்டு மூட்டையும் இறங்கின. இயக்குநரின் வீட்டம்மா ஓட்டுநருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் அடுத்த பட்டை. மதில் சுவரை உரசிக்கொண்டு வண்டி போனபோது பெட்டி ஒரு தடவை துள்ளி எண்ணிவிட்டு, அப்புறம் மேற்கு எல்லை வரைக்கும் ஏனோ சோர்ந்துபோய்விட்டது. முட்டுக் கொடுக்க வைக்கோலைத் திணித்துக்கொண்ட ஓட்டுநர், வேலை செய்து செய்து பெட்டிக்கும் அலுப்புத் தட்டிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

படம் வந்தது.

அது எப்பேர்ப்பட்ட படம். கிழக்குப் பாதி முழுக்கச் சிவப்பு. மேற்குப் பாதி முழுக்க மஞ்சள். சிவப்பு என்றால் சாம்பல் சத்து நிறைந்த மண், மஞ்சள் என்றால் இல்லாத மண். நடுவில் வடக்கிலிருந்து தெற்காக ஒரு கோடு, அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி. மஞ்சளுக்குள் கோட்டை ஒட்டி ஒரே ஒரு சிவப்புப் பொட்டு. ஆற்றையும் மேட்டையும் பள்ளத்தையும் லட்சியம் செய்யாமல் பூமி இவ்வளவு ஒழுங்காக இருப்பதைக் கண்டு இயக்குநர் புல்லரித்துப் போனார். இயற்கையும் அலுவலக நடைமுறையைப் பின்பற்றத் தொடங்கிவிட்டதற்கு இதுவே சான்று என்று கூட்டத்தில் சொன்னார். அந்தப் பொட்டைப் பற்றி யாரோ கேட்டதற்கு, அங்கே இருப்பது 'அபூர்வ மண்' என்றார். யாருடைய இடம் என்று அடக்கத்தின் காரணமாகச் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் ஆணை பிறந்தது. சிவப்புப் பாதியில் சத்து ஏற்கெனவே வழிந்துகொண்டிருப்பதால் அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு மூன்று வருஷத்துக்குச் சாம்பல் சத்து உரம் கிடையாது. துறையின் சீட்டு இல்லாமல் கடைக்காரர்களும் தரக் கூடாது. அவர்கள் பங்கும் மஞ்சள் பாதிக்கே.

ஓட்டுநரின் அக்கா உருளைக்கிழங்கு போட்டிருந்தது சிவப்புப் பாதியில்.

உருளைக்கிழங்குக்கு மற்ற சத்தெல்லாம் சோறு என்றால் சாம்பல் சத்துதான் உயிர். அது இல்லாவிட்டால் கிழங்கு கோலிக்குண்டாகவே நின்றுவிடும். அக்காவின் நிலமோ குத்தகை நிலம். இரண்டு போகம் ஏற்கெனவே கையைக் கடித்துவிட்டது. இதுவும் போனால் நிலத்துக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். மாமா இடுப்பில் அடிபட்டுக் குனிய முடியாமல் ஆனதிலிருந்து அந்த நிலம் அக்கா ஒருத்தியின் கையால்தான் ஓடிக்கொண்டிருந்தது. செடிக்கு இரண்டு மாதம் ஆனபோது இலை ஓரமெல்லாம் தீய்ந்து பழுப்பாக மாறியது. அக்கா நாலைந்து இலையைப் பறித்து ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள்.

இயக்குநர் இலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சத்துக் குறைந்து கருகவில்லை, அதிகமாகிக் கருகியிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குச் 'செழிப்பின் வெம்மை' என்று அந்த இடத்திலேயே ஒரு பெயரும் வைத்தார். உண்டு கொழுத்த குழந்தைக்கு மேலே மேலே ஊட்டக் கூடாது அம்மா என்று அறிவுரையும் கிடைத்தது. அக்கா இலையைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டாள். வாசலில் நின்ற தம்பியை ஒரு தடவை பார்த்துவிட்டு நடந்து போனாள்.

அதே வாரத்தில் பீரோவுக்குள் கரையான் புகுந்தது. மனிதர் யாரையும் படிக்க விடாத கையேட்டைக் கரையான் படிக்க ஆரம்பித்துவிட்டதால், முத்திரை பதறிப்போய் அதை வெளியே எடுத்து ஆய்வகத்து ஜன்னல் விளிம்பில் வெயிலில் காயப் போட்டார். காய்கிற புத்தகம் காற்றில் மூடிக்கொள்ளாமல் ஆய்வகத்து அம்மா பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்தார். பிரித்ததைப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் கை நின்றது.

சாவி மாட்ட வந்த ஓட்டுநரைக் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டினார். கருவிக்கு அருகில் கருங்கல், கான்கிரீட், சாம்பல் சத்து உரம் எதையும் வைக்கக் கூடாது, வைத்தால் நிலத்துக்குப் பதில் அதையே எண்ணும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"வண்டியில பெட்டியைத் தவிர வேற ஏதாவது இருந்துச்சாப்பா?"

கிழக்குப் பாதி முழுக்கத் தன் கையால் அடுக்கிய மூட்டைதான் சிவப்பாகப் பரந்து கிடக்கிறது என்பது ஓட்டுநருக்கு மெல்ல உறைத்தது. உட்காரச் சொல்லாமலே அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வகத்து அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாளே இரண்டு பாதியிலும் பத்துப் பத்து இடத்தில் மண் எடுத்து வந்து, ஓய்வில் இருந்த குடுவைகளை எழுப்பிச் சோதித்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான், சத்து இரண்டிலும் குறைவு என்று தாளில் எழுதி நீட்டினார். இயக்குநர் நிதானமாகப் படித்தார்.

"படமும் மண்ணும் ஒத்துப் போகலைன்னா தப்பு மண்ணு மேலதாம்மா. படத்துல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். மண்ணுல யார் போட்டிருக்கா?" என்றார். படத்துக்கு ஏற்ற மண் கிடைக்கிற வரைக்கும் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கும்படி எழுத்து மூலமாக உத்தரவும் வந்தது.

ஓட்டுநர் முத்திரையிடம் போய், ஒரு பேச்சுக்குக் கேட்பது போல, அந்த எட்டு மூட்டை விஷயம் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். முத்திரை கண்ணாடிக் கதவு வழியாக இயக்குநர் மேசையைக் கண்ணால் காட்டினார்.

"உன் கோப்பு எங்க இருக்குன்னு பார்த்தியா? குண்டு மேல இருக்கிற வரைக்கும் அது அசையாது. நீ வாயைத் தொறந்தா அடிக்கிற காத்துல குண்டும் பறந்துடும், கோப்பும் பறந்துடும்."

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் அக்கா வயலுக்குப் போனார். அக்கா வரப்பில் உட்கார்ந்து ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினாள். வேரில் நாலைந்து கிழங்கு, ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளைக்குள் உரம் வைத்தால் பாதியாவது தேறும் என்றாள். ஓட்டுநர் கிழங்கைக் கையில் வாங்கி உருட்டிக்கொண்டே இருந்தார். படம் தப்பு, அதில் தன் கையும் இருக்கிறது, அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தால் எல்லாம் விளங்கும் என்று மட்டும் சொன்னார்.

"பதினொரு வருஷம்க்கா. இந்த மாசம் கையெழுத்தாயிடும்னு சொல்றாங்க. என் வாயால போய்ச் சொல்ல முடியலக்கா."

அக்கா பிடுங்கிய செடியை வரப்பில் வைத்தாள். அம்மா செத்ததிலிருந்து அவரை வளர்த்தவள் அவள். கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீயா போய் ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி. நான் கேக்கிறேன். கேக்கிறப்ப நீ பொய் சொல்லாம இருந்தா எனக்கு அது போதும்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை பாராட்டு விழா. கதிர்மானிப் படத்தின் புகழ் மேலிடம் வரைக்கும் போய், அங்கிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்திருந்தார். கூட்ட அறையில் சிவப்பு மஞ்சள் படத்தைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். பயனடைந்த விவசாயி ஒருவர் நன்றி சொல்ல வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். மஞ்சள் பாதியிலிருந்து யாரும் வராததால், பயனடைந்தவரைத் தேடிக் களைத்துப்போன முத்திரை, ஓட்டுநரின் அக்கா என்றால் வம்பில்லை, நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி என்று அவளையே போட்டுவிட்டார். நன்றியை அவரே ஒரு பக்கத்துக்கு எழுதி, கீழே முத்திரையும் குத்திக் கொடுத்திருந்தார்.

இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். மண்ணின் மௌனத்தைக் கலைத்தவன் நான் என்றார். மண் இருபது வருஷமாகக் குடுவையில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது என்றார். மேலிடத்து அதிகாரி இரண்டு தடவை கடிகாரம் பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். ஓட்டுநர் கதவோரம் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றார்.

அக்கா தாளை மடித்து மேசையில் வைத்தாள்.

"எழுதிக் குடுத்ததை அப்புறமா படிக்கிறேங்க. முதல்ல ஒண்ணு கேக்கணும். சிவப்புல சத்து இருக்கு, மஞ்சள்ல இல்லைன்னு சொல்றீங்க. சரி. இந்த மஞ்சளுக்குள்ள ஒத்தைப் பொட்டு மட்டும் சிவப்பா இருக்கே, அங்க என்னங்க இருக்கு?"

இயக்குநர் சிரித்தபடி, அது இயற்கையின் விந்தை, அபூர்வ மண் என்றார். அதுவரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மேலிடத்து அதிகாரி, அபூர்வம் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் அதை அவசியம் போய்ப் பார்க்க வேண்டுமே, படம் பிடிக்க வேண்டுமே, யாருடைய நிலம் அது என்று கேட்டார். இயக்குநர் தண்ணீர் குடித்தார். முத்திரை சட்டைப் பையைத் தடவினார்.

"அந்தப் பக்கம் வண்டி ஓட்டிட்டுப் போனது யாரு? அவருக்குத் தெரியுமே" என்றார் அதிகாரி.

எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. இயக்குநர் ஓட்டுநரைப் பார்த்த பார்வையில் கண்ணாடிக் குண்டு, கோப்பு, பதினொரு வருஷம் எல்லாமே இருந்தன. அக்கா மட்டும் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது ஐயா வீட்டு மதில் சுவருங்க" என்றார் ஓட்டுநர். "மண்ணுல அபூர்வம் ஒண்ணும் இல்லீங்க. சுவரோரமா எட்டு மூட்டை சாம்பல் சத்து உரம் இறக்கி வெச்சோம். பெட்டி அதைத்தான் பார்த்திருக்கு. அதுக்கு முன்னாடி இருபது நாளும் அந்த மூட்டைங்க வண்டியில பெட்டிக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. மூட்டை போன இடமெல்லாம் சிவப்பு. இறங்கினப்புறம் மஞ்சள். அடுக்குனது நான்தாங்க."

"மூட்டை யாரோடது?" என்று கேட்டார் அதிகாரி.

"எலி தின்னதா எழுதியிருக்கிற மூட்டைங்க."

பின்வரிசையில் ஆய்வகத்து அம்மா எழுந்து, பத்துப் பத்து இடத்துச் சோதனைத் தாளையும் கையேட்டின் மூன்றாம் பக்கத்தையும் கொண்டுவந்து அதிகாரி முன்னால் வைத்துவிட்டு மறுபடியும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அதிகாரி படித்தார். அன்று சாயங்காலமே மதில் சுவரோரம் மிச்சமிருந்த ஐந்து மூட்டையையும் ஏற்றிக் கொண்டுபோய்ச் சிவப்புப் பாதி விவசாயிகளிடம் கொடுக்கச் சொன்னார். மூன்று மூட்டை ரோஜாவுக்குள் போய்விட்டிருந்தது. ரோஜாக்கள் பிரமாதமாக இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்தில் ஒன்று அக்கா வயலுக்கு வந்தது. ஓட்டுநரே சுமந்துபோய் இறக்கினார். அந்த வண்டி அந்த மூட்டைகளை உரியவர்கள் வாசலுக்குக் கொண்டுபோனது அன்றைக்குத்தான். அவர் கண் கலங்கியதற்கு உரத்தூசி காரணம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

துறை சும்மா இருக்குமா? விசாரணைக் குழு அமைத்தது. மூன்று பேர் குழு, செயலாளர் முத்திரை. குழு ஆறு மாதம் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. கருவி குற்றமற்றது. படம் குற்றமற்றது. இயக்குநர் டீசலை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்தில் செயல்பட்டவர், ஆகவே குற்றமற்றவர். கருவிக்கு அருகே மூட்டை அடுக்கியது யார் என்று தேடியபோது, கோப்பில் அதற்கான பாராட்டுக் குறிப்பே பத்திரமாக இருந்தது. ஓட்டுநர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பதினொரு வருஷமாகக் கிடைக்காத நிரந்தரம் ஒரே தாளில் கிடைத்துவிட்டது. இயக்குநர் பதவி உயர்வு பெற்று மேலிடத்துக்கே போனார்.

அக்காவின் வயலில் பாதிக் கிழங்கு தேறியது. குத்தகை தப்பியது. அடுத்த போகத்திலிருந்து ஒரு பழைய சரக்கு வண்டியை வாடகைக்குப் பிடித்து, தம்பியும் அக்காவுமாகக் கிழங்கை ஏற்றிக்கொண்டு அதே ரோஜாத் தோட்டத்து வழியாகத்தான் சந்தைக்குப் போகிறார்கள். அந்த வாசலைத் தாண்டும்போது ஓட்டுநர் வண்டியை மெதுவாக்குவதில்லை.

உரத் தடை ஆணை ஓசையில்லாமல் ரத்தானது. படம் மட்டும் ரத்தாகவில்லை. ஒரு தடவை கண்ணாடிச் சட்டம் போட்டதை அகற்ற விதியில் இடமில்லையாம். இன்றைக்கும் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அதைக் காணலாம். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களை அதன் முன்னால் நிறுத்தி, துல்லியம் என்றால் இதுதான் என்று முத்திரை விளக்குகிறார். அவர் சொல்வதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. களவு போன சரக்கு எது, அது எந்த நாளில் எந்த வயல் வழியாகப் போனது, எந்த வீட்டு வாசலில் இறங்கியது என்று ஒரு முழம் பிசகாமல் அந்தப் படத்தில் இருக்கிறது. கீழே வலது மூலையில், பச்சை மையில், எடுத்தவரின் கையெழுத்தும் இருக்கிறது.